கட்டணம் கட்டும் கடைசி நாள்
தலித் மாணவர் உதவித்தொகையின் வரலாறு



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவில் கூடியிருக்கிறோம். அவருடைய வாழ்க்கைக்கு வருமுன், அண்மையில் நடந்த ஒன்றை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

2024 ஜூன் 24. உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவர், தினக்கூலித் தொழிலாளியின் மகன், ஐஐடி நுழைவுத்தேர்வில் வென்று தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல் இடம் பெற்றிருந்தார். இடத்தை உறுதிசெய்ய ரூ. 17,500 கட்ட வேண்டும். கடைசி நேரம் மாலை 5 மணி. வீட்டில் பணம் இல்லை. ஊரார் கைகொடுத்தார்கள். பணம் சேர்ந்தபோது கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தன. கணினியில் விவரங்களை உள்ளிட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து இணையதளம் மூடிக்கொண்டது. இடம் போயிற்று.

அந்தக் குடும்பம் ஆணையங்களையும் நீதிமன்றங்களையும் தேடி அலைந்தது. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் நம் சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் வந்தது. கடைசியில் உச்சநீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று, அரசமைப்பின் 142ஆம் பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. ரூ. 17,500க்காக நாட்டின் தலைமை நீதிபதி வரை போகவேண்டியிருந்தது.

செய்தித்தாள்கள் இதை மகிழ்ச்சியான முடிவாக எழுதின. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டத்துக்கு அந்த 2024ஆம் ஆண்டில் 80 வயது. எண்பது ஆண்டுகளாக ஒரு திட்டம் இருக்கும் நாட்டில், கட்டணம் கட்டும் கடைசி நாளன்று ஒரு மாணவரின் கையில் ஏன் பணம் இல்லை? இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போவதுதான். எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்று பேசுவது நம் வழக்கம். அந்தப் பணம் எப்போது வந்தது, யார் கையில் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு பிடிபடும்.

மணி அடிக்கும்வரை வெளியே

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அதில் சொல்கிறார். சுமார் நானூறு பேர் படித்த அந்தக் கலாசாலையில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணப் பிள்ளைகள். மற்ற பிள்ளைகளோடு பழகினால் சாதி, ஊர், குடும்பம் எல்லாம் தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போனதாக எழுதுகிறார்.

அவருக்கு வகுப்பில் இடம் இருந்தது. உள்ளே நுழைவதற்குத்தான் ஒரு தந்திரம் வேண்டியிருந்தது. 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே அவர் பத்திரிகை தொடங்கியதை, மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த அந்தப் பையனின் பதிலாக நாம் வாசிக்கலாம்.

அதே 1893 பிப்ரவரியில் சென்னை மாகாண அரசு 68ஆம் எண்ணிட்ட கல்வி அரசாணையை வெளியிட்டது. 'பஞ்சமர் கல்வி'யின் மகாசாசனம் என்று பின்னாளில் அதைச் சொன்னார்கள். தனிப் பள்ளிகளுக்கு நிதி, பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம், ஆசிரியர் பயிற்சி பெறுவோருக்கு உதவி என்று அந்த ஆணை பேசியது. அடுத்த ஆண்டு கர்னல் ஆல்காட் சென்னையில் 'பஞ்சமர்' இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். மிஷன் பள்ளிகள் முன்பே இருந்தன. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். 1919இல் தொழிலாளர் துறை என்ற பெயரில் ஒரு தனித் துறை வந்தது. நம் மக்களுக்கான பள்ளி, விடுதி, உதவித்தொகை எல்லாம் அதன் பொறுப்பில் சென்றன. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இவை எல்லாம் ஆரம்பப் பள்ளியின் கதவைத் திறந்த முயற்சிகள். அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கல்லூரி என்பது வேறு கணக்கு. அங்கே கட்டணம் மட்டும் போதாது. நகரத்தில் தங்க இடம், மூன்று வேளைச் சோறு, புத்தகம், துணிமணி எல்லாம் வேண்டும். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு கூலியும் அன்றோடு நிற்கும். இந்தச் செலவையெல்லாம் தாங்கும் உதவி அந்தக் காலத்தில் மகாராஜாக்களிடமும் மிஷனரிகளிடமும் மட்டுமே இருந்தது. நம் மக்களில் மிகப் பெரிய அறிவாளியும் அந்த வழியாகத்தான் போகவேண்டியிருந்தது.

25 ரூபாயும் 11½ பவுனும்

பாபாசாகேப் அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். மேலே படிக்க வைக்கத் தந்தையிடம் வசதி இல்லை. கேளுஸ்கர் என்ற ஆசிரியர் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் எடுத்துச் சொல்ல, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912இல் பி.ஏ. ஆனார்.

1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க மூன்றாண்டுகளுக்கு மாதம் 11½ பவுன் உதவித்தொகையை அதே மன்னர் வழங்கினார். அதற்கு ஓர் ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும். அண்ணல் கையெழுத்திட்டார்.

அடுத்து நடந்ததை நம் மாணவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். 1916இல் அவர் லண்டன் போனார். பொருளாதாரத்தில் ஆய்வு, கூடவே சட்டப் படிப்பு. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. ஆய்வு முடியவில்லை. நடுவழியில் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. தம் அடையாளத்தை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினார்கள். கோயம்புத்தூரில் இரட்டைமலையார் அஞ்சியது, கொலம்பியாவில் படித்து வந்தவருக்கும் நேர்ந்தது.

லண்டன் படிப்பை முடிக்க அவருக்கு மூன்று ஆண்டுகள் காத்திருப்பு. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை செய்து சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்கினார். 1920இல் மீண்டும் கப்பலேறி 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

மன்னர்களின் உதவிக்கு நாம் நன்றியுள்ளவர்கள். ஆனால் அண்ணல் தம் வாழ்க்கையிலிருந்து வேறொரு பாடத்தையும் எடுத்துக்கொண்டார் என்றே நாம் நினைக்கிறோம். ஒருவருடைய பெருந்தன்மையை நம்பி ஒரு சமூகம் படிக்க முடியாது. அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு காலக்கெடு உண்டு, ஒரு நிபந்தனையும் உண்டு. அரசின் கஜானாவிலிருந்து, ஆண்டுதோறும், உரிமையாக வரும் பணம் வேண்டும். அந்தக் கோரிக்கையை அவர் 1942இல் வைத்தார்.

1942: மூன்று லட்சம் ரூபாய்

அந்த ஆண்டு ஜூலையில் நாக்பூரில் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு பிறந்தது. மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் என். சிவராஜ். அதே மாதம் அண்ணல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அக்டோபர் இறுதியில், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு நீண்ட மனுவை அளித்தார்.

அதில் கல்வி பற்றிய பகுதி இன்றும் படிக்கத்தக்கது. கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் மக்களுக்குப் போதாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும் என்றார். அந்தப் படிப்புகள் செலவு மிக்கவை, அரசு உதவி இல்லாமல் நம் மாணவர்களுக்கு எட்டாதவை என்றார். உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அறிவியல், தொழில்நுட்பம் படிப்போருக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், வெளிநாட்டில் படிப்போருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் கேட்டார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு தரும் மானியத்தைச் சுட்டி, அதே அளவு எங்களுக்கும் தருவதுதான் நியாயம் என்று வாதிட்டார்.

அந்த வாதத்தின் அமைப்பைக் கவனியுங்கள். 'நாங்கள் ஏழைகள், இரங்குங்கள்' என்று அவர் எழுதவில்லை. மற்றவர்களுக்குப் பொதுப் பணத்தை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், எங்கள் பங்கு எங்கே என்று கணக்குக் கேட்டார்.

1944இல் மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. 1948-49இல் பழங்குடியினருக்கும், அடுத்த ஆண்டு மற்ற பிற்படுத்தப்பட்டோருக்கும் விரிந்தது. இன்று நாம் 'போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்' என்று சொல்வது அதன் தொடர்ச்சி. அவர் கேட்ட வெளிநாட்டுக் கல்வி உதவியும் விடுதலைக்குப் பின் 1954-55இல் தனித் திட்டமாயிற்று.

பணம் மட்டும் போதாது, நம்மைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியும் வேண்டும் என்பதை அண்ணல் அறிந்திருந்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறந்தது. பகலில் வேலைக்குப் போகும் மாணவர்களுக்காகக் காலையில் வகுப்புகள் நடந்தன. 1950இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. மராத்வாடா அப்போது உயர்கல்வி வாசனையே இல்லாத வறண்ட பகுதி. மாணவர் இருக்கும் இடத்துக்குக் கல்லூரியைக் கொண்டுபோனார். பின்னாளில் தலித் இலக்கியத்தின் விளைநிலமாக அந்தக் கல்லூரி ஆனதில் வியப்பில்லை.

கட்டணம் மலையான காலம்

விடுதலைக்குப் பின் சட்டப் போராட்டம் சென்னையிலிருந்தே தொடங்கியது. வகுப்புரிமை ஆணையைச் செம்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. அந்த ஆண்டே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு பிறந்தது. கல்லூரியில் இடம் என்பது அரசமைப்பு உரிமையாயிற்று. அடுத்த முப்பது ஆண்டுகளில் அரசுக் கலைக் கல்லூரி, ஆதிதிராவிடர் விடுதி, உதவித்தொகை மூன்றும் சேர்ந்து நம்மில் முதல் பட்டதாரிகளை உருவாக்கின. இந்த அரங்கில் இருக்கும் மூத்தவர்களில் பலர் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியின் சோற்றைத் தின்றவர்கள்தாம்.

1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த கால் நூற்றாண்டில் அவற்றின் எண்ணிக்கை பல நூறாயிற்று. இடங்கள் பெருகின, கட்டணமும் பெருகியது. இங்கே நம் உரிமையில் ஒரு பள்ளம் விழுந்தது. இட ஒதுக்கீடு அரசுக் கல்லூரியில், வேலைவாய்ப்புள்ள படிப்போ தனியார் கல்லூரியில். 2005இல் இனாம்தார் வழக்கில், அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகள் மீது இட ஒதுக்கீட்டை அரசு சுமத்த முடியாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் 93ஆம் திருத்தத்தின் மூலம் 15(5) பிரிவைச் சேர்த்தது. 2006இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது.

இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு என்ன செய்வது? இதற்குத் தமிழ்நாட்டில் கிடைத்த விடைதான் 2012 செப்டம்பரில் வந்த ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் அரசாணை 92. பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்கள் சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும், கட்டணக் குழு நிர்ணயித்த, திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது அந்த ஆணை. மத்தியத் திட்டம் மதம் மாறிய தலித்துகளைக் கைவிட்ட இடத்தில் மாநிலம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஆணை நல்ல ஆணை. நடைமுறை வேறாக இருந்தது. நாங்கள் அந்த ஆண்டுகளில் ஜூன், ஜூலை மாதங்களில் மாணவர்களோடு கல்லூரி கல்லூரியாகப் போயிருக்கிறோம். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் அலுவலகத்தில் ஆணையின் நகலை நீட்டினோம். அலுவலர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, 'அரசாங்கம் எப்ப கொடுக்குதோ அப்ப உங்களுக்குத் திருப்பித் தர்றோம், இப்ப கட்டுங்க' என்றார். உடன் வந்த மாணவியின் அம்மா காதிலிருந்த தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் அந்தத் தோடு அடகுக் கடையில் இருந்தது. அரசு தரவேண்டிய பணத்துக்கு அந்தத் தாய் வட்டி கட்டினார். இப்படி எத்தனை தோடுகள், எத்தனை ஆடுமாடுகள் போயின என்று எந்தத் தணிக்கை அறிக்கையும் சொல்லாது.

பணம் ஏன் தாமதமாகிறது

அலுவலர்களின் அலட்சியம் என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிட முடியாது. திட்டத்தின் கணக்கு முறையிலேயே கோளாறு இருந்தது. செயல்பாட்டாளர்கள் இதைப் புரிந்துகொள்வது அவசியம்.

ஐந்தாண்டுத் திட்டங்கள் இருந்த காலத்தில், திட்டக் காலத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலம் இந்த உதவித்தொகைக்கு எவ்வளவு செலவழித்ததோ, அந்தத் தொகை அடுத்த திட்டக் காலம் முழுவதும் அந்த மாநிலத்தின் 'உறுதியளிக்கப்பட்ட பொறுப்பு' ஆகிவிடும். அதற்கு மேல் ஆகும் செலவை மட்டும் மத்திய அரசு தரும். விளைவு என்ன? அதிகம் பேரைப் படிக்க வைத்த மாநிலத்துக்கு அதிகச் சுமை. தமிழ்நாட்டின் பொறுப்புத் தொகை சுமார் 353 கோடி ரூபாயாக இருந்தது. 12ஆம் திட்டக் காலம் 2017இல் முடிந்ததும் அது ஒரேயடியாகச் சுமார் 1,526 கோடியாயிற்று. நம் பிள்ளைகள் நிறையப் பேர் கல்லூரிக்குப் போனதற்கு விதித்த அபராதம் போல இருந்தது அது.

இந்தக் காலத்தில்தான் நிபந்தனைகள் இறுகின. 2018இல் வந்த மத்திய வழிகாட்டு நெறிகள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை விலக்கின. அதே ஆண்டு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில், உதவித்தொகை பெறும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான விடுதி, உணவுக் கட்டணச் சலுகை விலக்கப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடெங்கும் எழுந்த குரல்களுக்குப் பின் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை புதிய முறைக்கு ஒப்புதல் தந்தது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கீடு. ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் ரூ. 59,048 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு ரூ. 35,534 கோடி. முந்தைய மூன்றாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி மட்டுமே மத்திய உதவியாக வந்தது என்பதோடு ஒப்பிட்டால், இது போராட்டத்தின் வெற்றிதான்.

கூடவே பணம் போகும் பாதையும் மாறியது. முன்பு கட்டணத் தொகை கல்லூரிக்குப் போனது. புதிய முறையில் மாநிலம் தன் 40 பங்கை முதலில் கொடுக்க வேண்டும், அதன் பிறகே மத்திய அரசின் 60 பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். இடைத்தரகர் ஒழிந்தார் என்பது நல்லது. ஆனால் கல்லூரி கட்டணம் கேட்பது ஜூலையில். விண்ணப்பம், சரிபார்ப்பு, ஒப்புதல், மாநிலப் பங்கு எல்லாம் முடிந்து பணம் கணக்கில் ஏறும்போது கல்வியாண்டே முடியும் நிலைக்கு வந்துவிடுகிறது. கை மாறியது, காலம் மாறவில்லை.

தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2013இல் இருந்து ரூ. 2.5 லட்சம். சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் விடுதி மாணவருக்கு இத்திட்டம் தரும் கல்விப்படி ஆண்டுக்கு ரூ. 6,000, வீட்டிலிருந்து வருபவருக்கு ரூ. 3,000. மாதத்துக்கு 500, 250. இன்றைய விலைவாசியில் பேருந்துக்கும் நகல் எடுப்பதற்கும் கூட அது காணாது.

ஆய்வுப் படிப்பும் வெளிநாடும்

கட்டணத் தடையைத் தாண்டி ஆய்வுப் படிப்பு வரை போனவர்களின் நிலை என்ன? ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவுக்கு மாதம் 25,000 ரூபாய் ஆய்வுதவித் தொகை 2015 ஜூலையிலிருந்து வரவில்லை. 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். வரவேண்டிய ஏழு மாதத் தொகையைக் குடும்பத்துக்குத் தரும்படியும், தாம் வாங்கிய கடனைத் தீர்க்கும்படியும் கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை இலக்கியமாக நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அதற்குள் ஒரு பாக்கிக் கணக்கும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

வெளிநாட்டுக் கல்வி உதவியிலும் ஒரு வாசலை அடைத்தார்கள். 2022இல் மத்திய அரசின் புதிய விதி, இந்தியாவின் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவி கிடையாது என்றது. 1916இல் கொலம்பியாவில் அண்ணல் வாசித்த ஆய்வுரை இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதத்தைப் பற்றியது. அவர் கேட்டுப் பெற்ற கோரிக்கையிலிருந்து முளைத்த திட்டத்தில், அவருடைய ஆய்வுக்கே இடமில்லாமல் போயிற்று.

மாணவர்களுக்கு

இங்கே வந்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும், அவர்களை அழைத்து வந்திருக்கும் பெற்றோருக்கும் சில சொற்கள். வரலாறு உங்கள் கையில் ஒரு கருவியாக வேண்டும்.

முதலில் கல்லூரி. அரசுக் கலைக் கல்லூரியில் பயிற்றுக் கட்டணம் கிடையாது, மற்ற கட்டணங்களும் குறைவு. பளபளப்பான விளம்பரத்தைப் பார்த்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். பொறியியல் என்றால் கலந்தாய்வு வழியாகவே சேருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் உதவித்தொகை போய்விடும். 'எங்களிடம் நேராக வாருங்கள், ஸ்காலர்ஷிப் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஊருக்குள் வரும் தரகர்களை நம்பாதீர்கள்.

அடுத்து சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் தேர்வு முடிவு வருமுன்பே வாங்கி வையுங்கள். முடிவு வந்த பிறகு தாலுகா அலுவலகத்தில் கூட்டம் தாங்காது. மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், அதோடு ஆதாரை இணைத்திருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பணம் நின்றுவிடும். பள்ளிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பிறகு உதவிகள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். ஆதிதிராவிடர் நல விடுதிக்குச் சேர்க்கை நாளிலேயே விண்ணப்பியுங்கள். உதவித்தொகையை ஒவ்வோராண்டும் புதுப்பிக்க வேண்டும். முதலாம் ஆண்டு வந்தது, இரண்டாம் ஆண்டு தானாக வரும் என்று இருந்து ஏமாந்தவர்கள் பலர்.

செயல்பாட்டாளர்களுக்கு

நம்மில் பலரும் அறியாத ஒன்று 2021ஆம் ஆண்டின் மத்திய வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. 'ஃப்ரீஷிப் கார்டு' என்று அதற்குப் பெயர். தகுதியுள்ள மாணவர் அந்த அட்டையைக் காட்டினால், கல்லூரி முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதவித்தொகை கணக்குக்கு வந்த பிறகு மாணவர் கட்டணத்தைக் கட்டுவார். கடைசி நாளன்று கையில் பணம் இல்லை என்ற எண்பதாண்டுச் சிக்கலுக்கு அரசின் ஏட்டிலேயே விடை இருக்கிறது. ஏட்டிலிருந்து அதைக் கல்லூரி அலுவலகத்தின் ஜன்னலுக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை.

ஆகவே நான்கு கோரிக்கைகளை இந்த மேடையிலிருந்து வைக்கிறோம். ஒன்று, சேர்க்கைக்கு முன்பே ஒவ்வொரு மாணவர் கையிலும் அந்த அட்டை இருக்க வேண்டும். அதை மதிக்காத கல்லூரி மீது நடவடிக்கை வேண்டும். இரண்டு, கல்வியாண்டின் முதல் பருவத்துக்குள் பணம் கணக்கில் ஏற வேண்டும். எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு நிலுவை என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும். மூன்று, வருமான வரம்பும் கல்விப்படியும் விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். நான்கு, கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழையோ மதிப்பெண் பட்டியலையோ தேர்வு நுழைவுச் சீட்டையோ யாரும் பிடித்துவைக்கக் கூடாது.

இவற்றை அரசு தரும்வரை நாம் சும்மா இருக்கப்போவதில்லை. ஜூன் மாதத்தில் ஒவ்வொரு ஊர்ச் சேரியிலும் ஒரு மேசை, ஒரு கணினி, விவரம் தெரிந்த இரண்டு பட்டதாரிகள் போதும். விண்ணப்பம் நிரப்பவும், பெயர்ப் பிழை திருத்தவும், கல்லூரிக்கு உடன் போகவும் ஆள் இருந்தால் பாதிப் பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள். முசாபர்நகர் ஊரார் சேர்த்த பணம் சில நிமிடம் தாமதமானது. நம் ஊரில் அந்த நிமிடங்களை முன்கூட்டியே சம்பாதித்து வைக்க முடியும்.

இரட்டைமலையார் மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் பணம் வரும்வரை வெளியே காத்திருக்கிறார்கள். வரும் ஜூனில் யாரும் அப்படிக் காத்திருக்கக் கூடாது. மேசை போட ஆயத்தமாக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள்.

ஜெய் பீம்.